தோற்கடித்தது தேனீயா, தளபதியா?

முதல் உலகப் போரில் ஆங்கிலேயரின் இந்தியப் படை ஜெர்மானியர்களிடம் தோற்ற டாங்கா சண்டையைப் போன இதழில் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனேன். சும்மா விடுவீர்களா? வந்த கடிதங்களில் மூன்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் பெருந்தேனீ கூடு கட்டியிருக்கிறது. பழம் பறிக்க ஆட்கள் அந்தப் பக்கம் வர மறுக்கிறார்கள். "முதல் உலகப் போரில் வெள்ளைக்காரப் படையையே தேனீ துரத்தியிருக்கிறது, இவர்கள் எம்மாத்திரம்" என்கிறான் என் தம்பி. நிஜமா சார்?
- வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: பாதி நிஜம் அம்மா. டாங்கா அப்போது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் துறைமுகம், இப்போது தான்சானியாவில் இருக்கிறது. கிளிமஞ்சாரோ பக்கத்து மோஷிக்கு அன்று ரயில் கிளம்பியது அங்கிருந்துதான். அதைப் பிடிக்க 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து சுமார் 8,000 பேரை ஆங்கிலேயர்கள் கப்பலேற்றினார்கள். தளபதி மேஜர் ஜெனரல் ஏட்கன். எதிரே ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கிடம் இருந்தது ஆயிரத்துச் சொச்சம் பேர்.

குடைந்த மரக்கட்டைகளை மரத்தில் தொங்கவிட்டுத் தேன் எடுப்பது அந்த ஊர்க்காரர்கள் வழக்கம். நவம்பர் 4 பிற்பகல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அந்தக் கூடுகள் கலைந்துவிட்டன. ஏட்கனின் 98வது காலாட்படை நன்றாகக் கொட்டு வாங்கியது. ஆனால் தேனீக்கு யூனிஃபார்ம் பேதம் தெரியுமா? ஜெர்மன் பக்கத்து இயந்திரத் துப்பாக்கிக்காரர்களையும் விரட்டியடித்தது. ஜெர்மானியர்கள் கம்பி கட்டிக் கூட்டைக் கலைத்தார்கள் என்றுகூடப் பிறகு ஒரு கதை கிளம்பியது. தோற்றவனுக்கு அதைவிட வசதியான கதை கிடைக்காது.

என்னைக் கேட்டால், நவம்பர் 2 காலையிலேயே காரியம் கெட்டுவிட்டது. டாங்காவைத் தாக்குவதில்லை என்று ஆங்கிலேயக் கடற்படை முன்பு ஓர் உடன்பாடு செய்திருந்தது. அது ரத்து என்று முறைப்படி சொல்ல 'ஃபாக்ஸ்' என்ற போர்க்கப்பல் துறைமுகத்துக்குப் போனது. ஒரு மணி நேரத்தில் சரணடையச் சொன்னார் கேப்டன் காஃபீல்டு. போதாததற்கு, துறைமுகத்தில் கண்ணிவெடி போட்டிருக்கிறீர்களா என்றும் விசாரித்தார். எதிரியிடம் போய்! நேரான பதிலா வரும்? இல்லாத கண்ணியை இவர்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், லெட்டோ ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கிவிட்டார்.

உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். ஒரு தேனீ கொட்டினால் அந்த இடத்திலிருந்து கிளம்பும் வாசனை மற்ற தேனீக்களையும் இழுத்து வரும். அதனால் கையை வீசாமல் ஓடிவிடச் சொல்லுங்கள். அந்த மரத்தைச் சுற்றியுள்ள செடிகளைக் கடைசியாகப் பறிக்கலாம். புகை மட்டும் போடாதீர்கள். பருவம் மாறினால் பெருந்தேனீ தானாக இடம் பெயரும்.

கேள்வி: 8,000 பேர் ஆயிரம் பேரிடம் தோற்பதா? நான் சேலத்துக்காரன், கடல் பழக்கமில்லை. கடலிலிருந்து கரையில் இறங்குவது அத்தனை கஷ்டமா?
- வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: இறங்கிய இடம் டாங்கா அல்ல, அதற்குக் கிழக்கே ராஸ் கசோனே என்ற முனை. ஊருக்கு மூன்று கிலோமீட்டர், நம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து அஸ்தம்பட்டி போகிற மாதிரி. நடந்தே போய்விடலாம், பாதை தெரிந்தால். அலையாத்திச் சேறு, அப்புறம் செங்குத்தான மேடு, அதைத் தாண்டினால் ரப்பர் தோட்டமும் புதரும். முன்னால் போய்ப் பார்த்து வந்தவர் யாருமில்லை. உள்ளூர் நிலவரம் தெரிந்த ஆப்பிரிக்கப் படையினர் உதவிக்கு வருவதாகச் சொன்னதையும் ஏட்கன் ஏற்கவில்லை. சிப்பாய்களோ வாரக்கணக்காகக் கப்பலில் வாந்தியெடுத்துத் துவண்டவர்கள். பக்கத்து ஆங்கிலேயத் துறைமுகமான மொம்பாசாவில் இறக்கி இரண்டு நாள் காலாற நடக்க விட்டிருக்கலாம். ரகசியம் போய்விடுமாம்!

அங்கே லெட்டோ என்ன செய்தார் தெரியுமா? நவம்பர் 3 இரவு ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த டாங்கா தெருக்களை நிலா வெளிச்சத்தில் தானே சுற்றிப் பார்த்தார். மறுநாள் ஏட்கன் படை உச்சி வெயிலில் கிளம்பியது. பீரங்கிகள் கரைக்கு வரவில்லை, கப்பல் தளத்திலிருந்தே சுட்டன. வெள்ளைக்கார லங்காஷையர் படையும் காஷ்மீர் படையும் ஊருக்குள் நுழைந்து ஹோட்டல்வரை போய்விட்டன. இடது பக்கம் சரிந்ததால் அவர்களும் திரும்ப வேண்டியதாயிற்று. 5ஆம் தேதி எல்லோரும் கப்பலுக்குத் திரும்பினார்கள். கரையில் விட்டுவந்தவை 455 துப்பாக்கிகள், ஆறு லட்சம் தோட்டாக்கள், இயந்திரத் துப்பாக்கிகள். சுட்டால் புகை கக்கும் பழைய துப்பாக்கியோடு இருந்த லெட்டோவின் ஆட்களுக்கு அது தீபாவளி.

கேள்வி: பாளையங்கோட்டைப் படை பயந்து ஓடியதாகப் படித்தேன். நம்மவர்கள் அங்கே இருந்தார்களா?
- வாசகர், தாரமங்கலம்

பதில்: இருந்தார்கள். 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 61வது பயனியர்ஸ், இரண்டுமே சென்னை மாகாணத்துப் படைகள். 63வது படை சிதறி ஓடியது உண்மை, மழுப்ப மாட்டேன். ஆனால் 'மதராஸ்காரன் சண்டைக்கு லாயக்கில்லை' என்று பல வருடங்களாக ஒதுக்கி வைத்துவிட்டு, திடீரென்று கூட்டிப்போய் இயந்திரத் துப்பாக்கி முன்னால் நிறுத்தினால்? படையில் சிலருக்குப் புது லீ-என்ஃபீல்டு துப்பாக்கி கைக்கு வந்ததே கப்பலேறும் சமயத்தில்தான். அதற்கு முந்தின நாள், நவம்பர் 3 அன்று, 61வது படையோடு சேர்ந்து பின்வாங்கியது 13வது ராஜபுத் படை. அவர்கள் ஆங்கிலேயர்கள் வைத்திருந்த 'வீர இனம்' என்ற பட்டியலில் இருந்தவர்கள்!

ஏட்கன் பக்கம் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் 800 பேருக்கு மேல். தோல்விச் செய்தியை லண்டன் பல மாதம் அமுக்கி வைத்தது. ஏட்கனைக் கர்னலாக இறக்கி, அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். லெட்டோ 1918 நவம்பர் 25 வரை சண்டை போட்டார். ஐரோப்பாவில் போர் முடிந்து அதற்குள் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

டாங்காவில் இந்தியச் சிப்பாய்களுக்கு நினைவிடம் இருக்கிறது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தா காலத்து மெடல் கிடந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள், பெயரும் படையும் பொறித்திருக்கும். 61 என்றோ 63 என்றோ இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.