ஐஸ் ஹாக்கி கேள்வி-பதில்: போக்குக் காட்டும் வித்தை

என் மகனுக்கு 12 வயது. கராஜில் கூம்புகளை வைத்துவிட்டால் பக்கை (ஐஸில் வழுக்கும் ரப்பர் வட்டு) அவ்வளவு லாவகமாக வளைத்துக் கொண்டுபோவான். மேட்ச்சில் முதல் டிஃபன்ஸ்காரரிடமே பறிகொடுத்துவிடுகிறான். எதிராளியைப் பேய்க்காட்ட அவனுக்கு ஏன் வரவில்லை?
- வாசகர், மார்க்கம்

கூம்புக்குக் கண் இல்லை, டிஃபன்ஸ்காரருக்கு உண்டு. அந்தக் கண்ணும் பக்கின் மேல் இருப்பதில்லை. "பக்கைப் பார்க்காதே, சட்டையின் நெஞ்சில் இருக்கும் சின்னத்தைப் பார்" என்றுதான் டிஃபன்ஸ் ஆடும் பிள்ளைகளுக்கு முதலிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். உங்கள் மகன் கையால் மட்டும் இடமும் வலமும் எத்தனை முறை தட்டினாலும் அது எதிராளியின் கணக்கில் வராது. நெஞ்சு நேராக வருகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அவர் ஸ்டிக்கை நீட்டுவார், பக் போய்விடும்.

அவர் உண்மையில் படிப்பது தோள், இடுப்பு, முழங்கால், ஸ்கேட்டின் முனை பார்க்கும் திசை ஆகியவற்றை. பாவ்லா காட்டவேண்டியது அங்கேதான். இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் போவதை எடுத்துக்கொள்வோம். இடது காலைத் தோள் அகலத்துக்கு வெளியே அகட்டி வைக்கவேண்டும். முழங்கால் பாதத்தின் நுனிக்கு மேல் வரும்வரை மடங்கவேண்டும். உடல் எடை இடது ஸ்கேட் பிளேடின் உள்விளிம்பில் இறங்கவேண்டும். கூடவே இடது தோள் தாழும், தலை அந்தப் பக்கம் திரும்பும், பக்கும் உடம்பின் அகலத்தைத் தாண்டி இடப்பக்கம் போகும். எதிராளியின் எடை சாயும் கணத்தில் அதே இடது உள்விளிம்பை அழுத்தித் தள்ளி, பக்கை ஒரே இழுப்பில் வலப்பக்கத்துக்குக் கொண்டுபோய், இடது காலை வலது காலுக்கு முன்னால் கடக்கவிட்டு இரண்டு வேகமான கிராஸ்ஓவர் போடவேண்டும். பொய்க்காக மடங்கிய கால்தான் நிஜமாகத் தள்ளப்போகும் கால். மடங்காத முழங்காலோடு தோளை மட்டும் ஆட்டுகிற பிள்ளைக்குப் பாவ்லா பலித்தாலும் தப்பிக்க உந்துவிசை இருக்காது. இந்த வயதில் அதிகம் காணும் கோளாறு இதுதான்.

அடுத்தது தூரம். எதிராளியின் கையும் ஸ்டிக்கும் சேர்ந்து எட்டும் எல்லைக்குச் சற்று வெளியே பாவ்லா தொடங்கவேண்டும். அதைவிட முன்னால் காட்டினால் அவர் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி தயாராகிவிடுவார். உள்ளே போய்க் காட்டினால் ஸ்டிக் நுனியே பக்கைத் தட்டிவிடும். பின்னோக்கிச் சறுக்கும் டிஃபன்ஸ்காரர் ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே எடுத்துவைக்கும் நேரம்தான் நல்ல நேரம். கால் பின்னிக் கிடக்கையில் அவரால் திசை மாற்ற முடியாது.

பலர் பாவ்லா காட்டும்போது காலை நிறுத்திவிட்டு வெறுமனே வழுக்குகிறார்கள். வேகம் குறைந்ததும் எதிராளி நெருங்கிவிடுகிறார். வேகத்தைக் குறைப்பதே ஏமாற்றாகவும் ஆகலாம், ஆனால் அது தெரிந்து செய்வதாக இருக்கவேண்டும்: நிமிர்ந்து, சோம்பலாக இரண்டு எட்டு வழுக்கி, அவரும் தளர்ந்ததும் கிராஸ்ஓவரில் பாய்வது. இன்றைய நட்சத்திர வீரர் கானர் மெக்டேவிட் நடுப்பகுதியில் நேர்க்கோட்டில் ஓடாமல் கிராஸ்ஓவர் மேல் கிராஸ்ஓவராக வளைந்து வருவதைக் கவனியுங்கள். வேகமும் கூடுகிறது, எந்தப் பக்கம் போவார் என்பதும் கடைசிவரை தெரிவதில்லை. முன்னாள் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி நேர் எதிர். எதிரணியின் பகுதி தொடங்கும் ப்ளூ லைனைக் கடந்ததும் சட்டென்று வளைந்து திரும்பி நின்றுவிடுவார். துரத்தியவர் கோல் பக்கமாகப் போய்விட, பாஸ் கொடுக்க அவருக்கு நேரம் கிடைத்துவிடும்.

பயிற்சிக்கு முதலில் பக்கே வேண்டாம். 5 மீட்டர் தள்ளி ஒருவரை நிறுத்துங்கள். பிள்ளை வந்து பாவ்லா காட்டும்போது, தான் நம்பிய பக்கத்தை அவர் சத்தமாகச் சொல்லவேண்டும். நம்பவில்லை என்றால் வாயைத் திறக்கக்கூடாது. அவர் வாய் திறக்காதவரை பக்கைக் கொடுக்காதீர்கள்.

என் மகள் எப்போதும் தலையைக் குனிந்து பக்கையே பார்த்துக்கொண்டு ஆடுகிறாள். நிமிரச் சொன்னால் பக் விட்டுப்போகிறது.
- வாசகி, ஸ்கார்பரோ

பெரும்பாலும் மேல்கைதான், அதாவது ஸ்டிக்கின் மேல்முனையைப் பிடிக்கும் கைதான், காரணம். அந்த முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் ஸ்டிக் உடம்பின் ஒரு பக்கம் மட்டுமே போகும். எட்டாத பக்கத்தைக் கண்ணால் சரிக்கட்ட வேண்டியதாகிறது. மேல்கை உடம்புக்கு முன்னால் விலகி நிற்கட்டும். ஸ்டிக்கைத் திருப்புவது அந்தக் கையின் மணிக்கட்டு. கீழ்க்கை ஒரு குழாய் மாதிரி தளர்வாக இருந்து ஸ்டிக்கை உள்ளே சுழலவிட்டால் போதும். பக் ஒவ்வொரு பக்கம் போகும்போதும் ஸ்டிக்கின் பிளேடு அதன்மேல் சற்றுக் கவிழவேண்டும். கவிழாத பிளேடில்தான் பக் துள்ளும்.

ஸ்டிக் நீளத்தையும் பாருங்கள். ஸ்கேட் போட்டு நிற்கும்போது தாடை அளவுக்கு வந்தால் சரி. "வளர்கிற பிள்ளை" என்று நெற்றி உயரத்துக்கு வாங்கிக் கொடுத்தால் மேல்கை எங்கே போகும்?

வீட்டில், மூன்று மீட்டர் தள்ளி நின்று விரல்களைக் காட்டுங்கள். அவள் பக்கைத் தட்டிக்கொண்டே எண்ணிக்கை சொல்லட்டும். தினம் பத்து நிமிடம் போதும். விளையாட்டு பக் 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், எடை 156 முதல் 170 கிராம். கோல்ஃப் பந்து கைவேகத்துக்கு நல்லது, ஆனால் கையில் கனம் பழக அந்த எடையை ஒட்டிய மரப்பந்தோ, வழுக்குப் பலகைமேல் நிஜ பக்கோ வேண்டும். இரட்டிப்பு எடையுள்ள பக்கை அளவோடு பயன்படுத்துங்கள், அது கை அசைவையே மாற்றிவிடும். இதைத் தள்ளிப்போடவும் கூடாது. உடல் மோதல் அனுமதிக்கப்படும் வயதுப்பிரிவுக்குக் குனிந்த தலையோடு போவது ஆபத்து.

டோ டிராக் (ஸ்டிக் பிளேடின் மூக்கால் பக்கை உடம்பை நோக்கி இழுப்பது) பயிற்சியில் நன்றாக வருகிறது, ஆட்டத்தில் பலிப்பதில்லை.
- வாசகர், ஏஜாக்ஸ்

நீட்டாத ஸ்டிக்கின் முன்னால் செய்கிறீர்கள் என்று தோன்றுகிறது. டோ டிராக் என்பது எதிராளியின் அசைவுக்குப் பதில். எதிராளி ஸ்டிக்கை நீட்டினால்தான் அதற்கு வேலை. பக்கை முன்னால், வெளியே, எட்டிவிடலாம் என்ற ஆசை வரும் தூரத்தில் காட்டுங்கள். அவர் நீட்டியதும் பிளேடின் மூக்கைப் பக்கின்மேல் கவிழ்த்து, மேல்கையை வெளியே தள்ளி, பக்கை உடம்பை நோக்கி இழுங்கள். கீழ்க்கை ஸ்டிக்கில் சற்று மேலேறவேண்டும். இழுத்த பக்கத்துக்குக் காலும் ஒரு எட்டு நகரவேண்டும். கை மட்டும் இழுத்து உடம்பு அங்கேயே நின்றால் நேராக அவர்மேல் மோதுவீர்கள். அவர் நீட்டாவிட்டால் வேகத்தோடு வெளிப்பக்கம் போய்விடுங்கள். நீட்டிவிட்டு ஸ்டிக்கைச் சற்றே தூக்கினால், அதற்கும் அவர் ஸ்கேட்டுக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி கிடைக்கும். பக்கை அதற்குள் தள்ளிவிட்டு மறுபுறம் போய் எடுங்கள்.

ஹாக்கி வீரர் ஆஸ்டன் மேத்யூஸ் இதே இழுப்பை ஷாட்டுக்குப் பயன்படுத்துகிறார். பக் உள்ளே வந்ததும் ஷாட் கிளம்பும் கோணம் மாறிவிடுகிறது, கோலி (கோல்காப்பாளர்) பழைய கோணத்தை மூடிக்கொண்டு நிற்பார்.

ஹாக்கி வீரர் கிராஸ்பி போல் இரண்டு குதிகாலும் எதிரெதிரே பார்க்க வழுக்குவது எப்படி? இரண்டு மூன்று அடி போனதும் விழுந்துவிடுகிறேன்.
- வாசகர், மாண்ட்ரியால்

இடுப்பு மூட்டு திறக்கவில்லையென்றால் ஐஸில் எத்தனை முயன்றும் வராது. முதலில் பலகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதங்களும் சுவருக்கு இணையாக, குதிகால்கள் ஒன்றையொன்று பார்க்க நில்லுங்கள். முழங்கால் பாதத்தின் திசையில் மடங்குகிறதா என்று பாருங்கள். பாதம் வெளியே போய் முழங்கால் உள்ளே திருகினால் நிறுத்திவிடுங்கள், மூட்டு வலிதான் மிஞ்சும். முதலில் தரைப்பயிற்சியால் இடுப்பைத் தளர்த்துங்கள்.

ஐஸில், ஒற்றைக் காலின் உள்விளிம்பில் அரைவட்டம் போட இரண்டு காலுக்கும் வரவேண்டும். பிறகுதான் அந்த வளைவிலேயே மற்றக் காலைத் திறந்து வைக்கவேண்டும். விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இடுப்பில் குனிந்து பின்பக்கத்தை வெளியே தள்ளுவதுதான். நெஞ்சு நிமிர்ந்து, இடுப்பு குதிகால்களுக்கு நடுவே இருக்கட்டும். நெஞ்சு ஐஸின் நடுப்பக்கம் திறந்தபடி இருப்பதால் பாஸ், ஷாட், திரும்பி ஓடுதல் மூன்றும் கடைசிவரை கையில் இருக்கும்.

ஸ்கேட்டைத் தீட்டும்போது எந்த அளவு கேட்பது?
- வாசகி, பிராம்ப்டன்

அளவு என்பது பிளேடின் அடியில் தீட்டும் குழிவின் வளைவு ஆரம். 1/2 அங்குல ஆரக் குழிவு ஐஸைக் கூடுதலாகக் கடிக்கும், 5/8 அங்குலம் நன்றாக வழுக்கும். எடை குறைந்த பிள்ளைகளுக்கு 1/2 நல்ல தொடக்கம். தீட்டி வாங்கியதும் பிளேடைத் தலைகீழாகப் பிடித்து அதன்மேல் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு விளிம்பு உயர்ந்திருக்கிறது, திரும்பக் கொடுத்துவிடுங்கள். அந்த ஸ்கேட்டோடு ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் நழுவும், பழி பிள்ளைமேல் விழும்.

ஸ்வீடன் வீரர் ஃபோர்ஸ்பெர்க்கின் ஒற்றைக்கை கோலை ஷூட்அவுட்டில் (ஆட்டம் சமனானால் ஒவ்வொருவராகத் தனியே கோலியை எதிர்கொள்ளும்போது) முயலலாமா?
- வாசகர், ஒஸ்லோ

முயலலாம், அது ஏன் பலித்தது என்று தெரிந்துகொண்டு. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவின் கோலி கோரி ஹிர்ஷ் முன்னால் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் தன் இடப்பக்கம், ஃபோர்ஹேண்டுக்குப் போனார். ஷாட் வருகிறது என்று ஹிர்ஷ் அந்தப் பக்கம் முழுதாக நகர்ந்த பிறகே, ஒற்றைக் கையில் ஸ்டிக்கை நீட்டிப் பக்கை பேக்ஹேண்டில் மறுபக்கம் விட்டார். ஸ்வீடன் தங்கம் வென்றது, அந்தக் காட்சி தபால்தலையிலும் வந்தது.

ஒற்றைக்கை நீட்டல் கடைசி அரைநொடிச் சமாச்சாரம். வேலை செய்தது வேகமும் ஃபோர்ஹேண்ட் ஷாட் பயமும். மெதுவாக வந்தால் கோலி நகரமாட்டார், நடுவிலேயே நிற்பார். ஃபோர்ஹேண்டில் உங்களால் உண்மையிலேயே கோல் போட முடியும் என்று அவர் நம்பவும் வேண்டும். ஆகவே பயிற்சியில் ஐந்து முறை வந்தால் மூன்று முறை ஃபோர்ஹேண்டிலேயே அடியுங்கள். கோலியை இன்னும் இழுக்கலாம் என்று நின்றுவிடாதீர்கள். ஷூட்அவுட்டில் பக் எதிரணியின் கோல் கோட்டை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது விதி.