கடிகாரத்துக்கு மேலே ஒரு காது

அன்புள்ள சார்,

கோவைக்குப் பக்கத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் ஒன்பது வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். போன மாதம் ஒரு மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தமிழ் மிஸ்ஸிடம், "பத்தாம் தேதி தாண்டியாச்சு, இந்த மாசமும் சம்பளம் வந்தபாடில்ல. புது பஸ் வாங்க மட்டும் காசு இருக்கு" என்று சொன்னேன்.

மறுநாள் கரெஸ்பாண்டென்ட் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லிவிட்டு, தன் போனை மேஜைமேல் வைத்து ஓட்டினார். என் குரல். டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. "இப்படியெல்லாம் பேசலாமா மிஸ்?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கோடை லீவில் சுவர்க் கடிகாரத்துக்கு மேலே ஒரு கேமரா மாட்டினார்கள். அது எல்லோருக்கும் தெரியும். படம்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தோம். பேச்சையும் பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை, யாரிடமும் சம்மதம் கேட்கவும் இல்லை.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறோம். வகுப்பிலும் நான் மாறிவிட்டேன். பின்னம் நடத்தும்போது என் மாமியார் ஒரே ஒரு போளியை ஏழு பேருக்குப் பங்கு வைத்த கதையிலிருந்துதான் ஆரம்பிப்பேன். அதை நிறுத்திவிட்டேன். என் கணவர், "தப்பு பண்ணாதவங்களுக்கு என்ன பயம்?" என்கிறார். நான்தான் அதிகமாக எடுத்துக்கொள்கிறேனா?

எம்.

அன்புள்ள டீச்சர்,

இல்லை, நீங்கள் அதிகமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் என்னை உறுத்தியது கரெஸ்பாண்டென்ட் அறைகூட இல்லை, அந்தப் போளிதான்.

தொண்ணூறுகளில் இரண்டு வருடம் நானும் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்தினேன். ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே செருப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பிளைவுட் பெட்டி இருக்கும். காலைப் பிரார்த்தனை, அறிவிப்பு எல்லாம் அதில்தான் வரும். தலைமையாசிரியர் அறையில் வரிசையாகச் சுவிட்சுகள். ஒரு பக்கம் தட்டினால் அவர் பேசுவது வகுப்புக்குக் கேட்கும். இன்னொரு பக்கம் தட்டினால் வகுப்பில் பேசுவது அவருக்குக் கேட்கும். இந்த இரண்டாவது விஷயத்தை வேலைக்குச் சேர்ந்தபோது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒருநாள் எட்டாம் வகுப்பில் துக்ளக் தலைநகரைத் தௌலதாபாத்துக்கு மாற்றிய கதை. கூடவே, எங்கள் ஊர்ச் சந்தையை ஊருக்கு வெளியே கொண்டுபோய், ஆறே மாதத்தில் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்த பஞ்சாயத்துத் தலைவரையும் சேர்த்துவிட்டிருந்தேன். வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம். நாற்பது முதுகுகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. முதல் பெஞ்சுப் பையன் வாயைத் திறக்காமல் கண்ணால் மேலே காட்டினான். எனக்குப் புரிந்துவிட்டது. புத்தகத்தை எடுத்து, பாராவை அப்படியே வாசிக்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி 'டிக்'. உடனே பின்னாலிருந்து ஒருவன், "சார், தலைவர் அப்புறம் என்ன ஆனார்?" என்றான். சொன்னேன். ஆனால் முன்பிருந்த ருசி போய்விட்டிருந்தது.

அந்தப் பெட்டியாவது சத்தம் போட்டது. உங்கள் கடிகாரத்துக்கு மேலே இருப்பதற்கு அந்த நாகரிகம்கூடத் தெரியவில்லை.

பள்ளியில் கேமராவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2021 மே மாதம், சென்னையில் ஒரு பள்ளியின் ஆன்லைன் வகுப்பு பற்றி மாணவிகளின் புகார்கள் வெடித்தபோது, ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், நிர்வாகமும் பெற்றோர் தரப்பும் அவ்வப்போது பார்க்க வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது. அன்று ஆசிரிய நண்பர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது, இன்றும் அப்படித்தான். பிரம்பால் விளாசும் வாத்தியாரை மேஜைக்கடியிலிருந்து போனில் பிடிக்கும் மாணவனிடம் போய் "சம்மதம் வாங்கினாயா?" என்று கேட்க எனக்கு வாய் வராது. அவனுக்கு வேறு சாட்சி கிடையாது. சம்பளம் போடும் கை ஒளித்துவைத்துப் பதிவு செய்வது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

உங்கள் நிர்வாகம் அநேகமாக சிபிஎஸ்இ விதியைக் காட்டும். 2025 ஜூலையில் வாரியம் அந்த விதியைக் கொண்டுவந்தது உண்மைதான். வாசல், நடை, படிக்கட்டு, வகுப்பறை, ஆய்வகம், நூலகம், கேன்டீன், மைதானம் எல்லாவற்றிலும் படமும் ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும், கழிப்பறை மட்டும் விலக்கு, பதிவை 15 நாளாவது வைத்திருக்க வேண்டும். ஆகவே வகுப்பறையில் மைக் இருப்பதை நீங்கள் எதிர்ப்பது கஷ்டம். ஆனால் அந்தப் பட்டியலில் ஸ்டாஃப் ரூம் பெயர் சொல்லி வரவில்லை. 'பிற பொது இடங்கள்' என்று ஒரு வால் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். வாதாடட்டும். விதி வந்ததே பிள்ளைகளின் பாதுகாப்புக்காக. டீச்சர்கள் சம்பளம் பற்றிப் பேசுவதால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆபத்து?

சட்டம் கைகொடுக்குமா என்றால், கொஞ்சம்தான். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் அடிப்படை உரிமை பெரும்பாலும் அரசைப் பார்த்துப் பேசுவது. தனியார் நிர்வாகத்தை அதை வைத்து உலுக்குவது எளிதில்லை. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான காரணங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்தலாம் என்று முதலாளிக்கு ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கிறது. அதன் விதிகள் வந்ததே 2025 நவம்பரில். முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

இதே சண்டையை மான்டினீக்ரோ நாட்டில் இரண்டு பேராசிரியர்கள் போட்டிருக்கிறார்கள், அதுவும் உங்களைப்போலவே கணக்குக்காரர்கள். 2011இல் அவர்களுடைய கணிதத் துறையின் டீன் விரிவுரை அரங்குகளில் கேமரா வைத்தார். சொத்துக்கும் ஆட்களுக்கும் பாதுகாப்பு என்றார், கூடவே கற்பித்தலைக் கண்காணிக்க என்றும் சொல்லிவிட்டார். உள்ளூர் நீதிமன்றங்கள், விரிவுரை அரங்கு பொது இடம், அங்கே என்ன அந்தரங்கம் என்று கைவிரித்தன. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2017 நவம்பரில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் பேராசிரியர்கள் ஜெயித்தார்கள். ஆசிரியர் அரங்கில் வெறுமனே பாடத்தை ஒப்பிக்கிறவர் இல்லை, மாணவர்களோடு பழகுகிறார், உறவு வளர்க்கிறார், அதுவும் அவருடைய தனி வாழ்க்கையில் சேர்ந்ததுதான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. நம் ஊரில் அந்தத் தீர்ப்பு செல்லாது. இருந்தாலும் உங்கள் மாமியார் கதைக்கு இவ்வளவு தூரத்தில் ஒரு சொந்தம் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, ஆளை மாற்றிக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். ஒன்றாம் தேதி ஒழுங்காகச் சம்பளம் போடுகிறவருக்கு, ஸ்டாஃப் ரூம் சாப்பாட்டுப் பேச்சில் என்ன பயம்?

சரி, என்ன செய்யலாம்? தனியாகப் போகாதீர்கள். தனியார் பள்ளியில் தனியாகக் கேள்வி கேட்கும் டீச்சருக்கு அடுத்த ஜூனில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டு, தேதியோடு ஒரு கடிதம் கொடுங்கள். கோபம் வேண்டாம், சட்டப் பிரிவு எதுவும் வேண்டாம். எந்தெந்த கேமராவில் ஒலி பதிவாகிறது, அதை யார் யார் கேட்கிறார்கள், எத்தனை நாளில் அழிக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். உங்கள் பதிவு கரெஸ்பாண்டென்ட்டின் சொந்த போனுக்குப் போயிருக்கிறதே, அங்கிருந்து எத்தனை போனுக்குப் போயிருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் வந்த கவலை. கடைசியில் ஒரு வரி: ஸ்டாஃப் ரூமில் மைக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். பெரும்பாலும் அது செட்டிங்கில் ஒரு தட்டு. கேமராவைக் கழற்ற வேண்டாம், யாருக்கும் தோற்றுப்போன மாதிரியும் இருக்காது. நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

ஒத்துக்கொள்வார்களா? தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் வேப்பமரத்தடியில் சாப்பிடுங்கள்.

வகுப்பில் மாமியாரைத் திரும்பக் கூட்டிவாருங்கள். பதிவாகட்டும். ஒரு விஷயம் மட்டும் நீங்கள் எழுதவில்லை: அந்த ஏழு பங்கில் அவருக்கென்று ஒன்று உண்டா, இல்லை, ஏழும் மற்றவர்களுக்குத்தானா?