அப்பாவின் பெயருக்காக வழக்குப் போடும் முன், அந்தக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

கேள்வி: என் அப்பா தென்மாவட்டம் ஒன்றில் வாலிபால் கோச். முப்பது வருஷத்துக்கு மேல் விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நின்றவர். அவரிடம் பயின்ற பெண்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை பார்க்கிறார்கள். போன வருஷம் மாரடைப்பில் இறந்தார். அன்றைக்கு ஊரே கடையடைத்தது. நாலு மாசம் கழித்து ஒரு முன்னாள் வீராங்கனை, முகத்தை மறைத்துக்கொண்டு, யூடியூப் சேனலில் பேட்டி கொடுத்தார். தனக்கு 15 வயதாக இருந்தபோது உதவிக் கோச் தவறாக நடந்ததாகவும், பெரிய கோச்சுக்குத் தெரிந்தும் மூடி மறைத்ததாகவும் சொல்கிறார். அப்பாவின் நடத்தை மேல் வேறு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் அவர் பெயரில் நடந்த டோர்னமெண்டின் பெயரை வாலிபால் கழகம் மாற்றிவிட்டது. மைதான வாசலில் இருந்த போர்டையும் கழற்றிவிட்டார்கள். அம்மா வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா? அந்தப் பெண், சேனல், கழகம் மூன்று தரப்பின் மேலும் மானநஷ்ட வழக்குப் போட்டு, ஒரு கோடி நஷ்டஈடு வாங்கி, பெயரைத் திரும்ப வைக்க வழி சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கடிதம் ஏழு பக்கம். கடையடைப்பு, பாதியில் முகம் திருப்பிக்கொண்ட சொந்தக்காரர்கள், கழகச் செயலாளரின் பழைய பகை எல்லாவற்றையும் படித்தேன். இவை எதுவும் வழக்குக்கு உதவாது. ஐந்தாம் பக்கத்தில், ஒரு பத்தியின் கடைசியில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிதான் முழு விஷயமும். 2013-ல் அந்தப் பெண்ணின் தாயார் உங்கள் அப்பாவிடம் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். அதன் ஓரத்தில் அப்பா தன் கையெழுத்தில் 'பேசி முடித்தாயிற்று' என்று குறித்து வைத்திருக்கிறார். அது இப்போது உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. 'அது பெரிய விஷயமில்லை, அப்போது நான் அப்பாவின் பயிற்சியை நடத்திய டிரஸ்டில் பொருளாளர்தான்' என்று சேர்த்திருக்கிறீர்கள்.

தம்பி, வழக்கே அந்தக் கடிதம்தான். அந்தப் பெண் உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னது ஒன்றே ஒன்று: அவருக்குத் தெரியும். அது உண்மை என்று காட்டும் தாள், உங்கள் அப்பா எழுத்திலேயே, உங்கள் கையில் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நஷ்டஈடு கிடைக்காது. அவதூறுக்காக வழக்குத் தொடுக்கும் சிவில் உரிமை ஆளோடு போய்விடும். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-வது பிரிவு அதை வாரிசுக்குத் தராமல் விலக்கி வைத்திருக்கிறது. இறந்த பிறகு பேசியதற்கோ அந்த உரிமை பிறப்பதே இல்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக எடுத்ததை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: ஒருவர் வாழ்நாளில் சம்பாதித்த நற்பெயர் அவர் இறப்போடு முடிகிறது, வீடு நிலம் போல வாரிசுகளுக்கு இறங்காது. ஒரு முதலமைச்சரின் குடும்பத்துக்கே அதுதான் பதில். இதையும் மீறி ஒரு கோடிக்குப் பிராது போட்டால், தமிழ்நாட்டில் 3 சதவீதக் கணக்கில் மூன்று லட்சம் ரூபாய் கோர்ட் ஃபீஸ் மட்டும் ஆகும். அம்மாவின் கைச்செலவுக்கு அந்தப் பணம் இருக்கட்டும்.

டோர்னமெண்ட் கழகத்துடையது, பெயரும் அவர்கள் இஷ்டம். உங்கள் குடும்பம் கோப்பைக்கென்று நிபந்தனையோடு பணம் கட்டியிருந்தால் மட்டும் ரசீதைத் தேடுங்கள். வீடியோவை நீக்கச் சொல்லி இடைக்காலத் தடை கேட்கலாம்தான். ஆனால் விசாரணைக்கு முன்பே வாயை அடைக்கும் உத்தரவுகளை எந்திரத்தனமாகக் கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கீழ்க் கோர்ட்டுகளை எச்சரித்திருக்கிறது. உங்கள் மனுவுக்கு அந்த எச்சரிக்கையைத் தாண்டும் பலம் இல்லை.

மிஞ்சியிருப்பது கிரிமினல் அவதூறு. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 356-வது பிரிவின் முதல் விளக்கம் இறந்தவரைப் பற்றிய அவதூறையும் குற்றமாக ஏற்கிறது. உங்கள் வக்கீல் இதைத்தான் காட்டி நம்பிக்கை கொடுத்திருப்பார். ஆனால் அதன் பின்பாதியையும் படிக்க வேண்டும்: குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்லியிருக்க வேண்டும். தனக்குச் சிறு வயதில் நடந்ததைச் சொல்லும் ஒரு பெண், உங்கள் அம்மாவை நோகடிக்கத்தான் வாயைத் திறந்தாள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அது முடியாத காரியம். போதாததற்குப் பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை விதிவிலக்கு. தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதும் விதிவிலக்கு. 'இத்தனை வருஷம் கழித்து ஏன்?' என்ற கேள்வியும் எடுபடாது. தன் மேல் பாலியல் தொல்லைப் புகார் சொன்ன பத்திரிகையாளர் பிரியா ரமானி மீது முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில், 2021 பிப்ரவரியில் ரமானியை விடுவித்தபோது, பல பத்து வருஷம் கழித்தும், எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று டெல்லி நீதிமன்றம் எழுதியது. அதன் மேல் அப்பீல் போயிருக்கிறது. ஆனாலும் உங்கள் மாஜிஸ்திரேட் முன்னால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டும் தீர்ப்பு அதுவாகத்தான் இருக்கும்.

சம்மன் போனாலே பயந்து வீடியோவை எடுத்துவிடுவார்கள் என்பது பழைய கணக்கு. 2024 ஜூலைக்குப் பிறகு, தனிநபர் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பைக் கேட்டாக வேண்டும். அந்தப் பெண் முதல் வாய்தாவிலேயே வக்கீலோடு வந்து நிற்பார். வந்து என்ன செய்வார் என்பதுதான் எனக்குக் கவலை. கட்சிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுகிற குழி அங்கேதான் இருக்கிறது.

அவதூறு வழக்கில் முதலில் கூண்டேறுவது புகார்தாரர். அதாவது நீங்கள். குறுக்கு விசாரணையில் உங்களிடம் வீராங்கனைகளின் பட்டியலையோ கோப்பைகளையோ கேட்க மாட்டார்கள். 'உங்கள் தந்தைக்கு 2013-ல் ஒரு கடிதம் வந்ததா?' என்று கேட்பார்கள். தாயார் அதற்கு நகல் வைத்திருப்பார். பெண் குழந்தைக்காகப் பயந்துகொண்டே புகார் எழுதுகிற தாய் ஜெராக்ஸ் எடுக்காமல் கொடுப்பது அபூர்வம். வந்தது என்றால் அவதூறு அங்கேயே முடிந்தது. வரவில்லை என்றால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவர் ஆவீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர், காலமான தலைமையாசிரியரின் மகன், இதே இடத்தில் 'அப்படி ஒரு பதிவேடே கிடையாது' என்றார். எதிர் வக்கீல் கோப்பைத் திறந்து நகலை எடுத்து நீட்டினார். அதுவரை அந்தப் பேச்சு நாலு தெருவுக்குள் இருந்தது. மறுநாள் செய்தித்தாளில் வந்தது. அந்தத் தலைமையாசிரியரை எனக்கும் தெரியும். அவரைப் பற்றி அந்த ஊர் நல்லதாகப் பேச நிறைய இருந்தது. மகனின் பிடிவாதத்தால் பதிவேடு ஒன்றே எல்லோருக்கும் நினைவில் நின்றது.

அடுத்தது இன்னும் கனமானது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. அதன் 19-வது பிரிவுப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். உள்ளுக்குள் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை, அந்தத் தாயே கேட்டுக்கொண்டிருந்தாலும் இல்லை. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பாளர் தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை. கடிதத்தின் தேதி 2013. உங்கள் அப்பா மேல் இனி வழக்கு வராது. ஆனால் அன்றைக்கு டிரஸ்டில் இருந்த, இன்றைக்கு உயிரோடு இருக்கிற பொறுப்பாளர் யார்?

காலவரம்பு கடந்துவிட்டது என்று உங்கள் வக்கீல் சொல்வார். 21-வது பிரிவைத் தனியாக எடுத்தால் அது நல்ல வாதம்தான். ஆனால் சேர்த்து விசாரிக்கத்தக்க குற்றங்களுக்கு, அவற்றில் பெரிய குற்றத்தின் காலவரம்பே கணக்கு. உதவிக் கோச் மேல் வரக்கூடிய குற்றச்சாட்டுக்குக் காலவரம்பு இல்லை. அந்தப் பெண் இன்றைக்குக் கூடப் புகார் கொடுக்கலாம். இதுவரை கொடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே, தன்னைக் காத்துக்கொள்ளவாவது, அவர் மகளிர் காவல் நிலையத்துக்குப் போவார். அவருடைய வக்கீலாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். புகார் வந்துவிட்டால், அறிந்தும் சொல்லாதவர்கள் மேலான வழக்கை ஆரம்பத்திலேயே ரத்து செய்வது எளிதல்ல. மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகள் விஷயத்தில் தகவல் சொல்லாத ஒரு டாக்டர் மேல் இருந்த வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தையே ரத்து செய்தது.

இதே துயரத்தில் சிக்கிய வேறொரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச் ஜோ பட்டெர்னோ. 46 சீசன் தலைமைக் கோச், 409 வெற்றி. அவருடைய பழைய உதவிக் கோச் சாண்டஸ்கி சிறுவர்களைச் சீரழித்தது 2011-ல் வெளியே வந்தது. 2001-ல் ஒருவர் நேரில் பார்த்ததைப் பட்டெர்னோவிடம் வந்து சொல்லியிருந்தார். அவர் மேலிடத்தில் சொன்னார், அதோடு நின்றுவிட்டார். இன்னும் அதிகமாகச் செய்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே வருந்தினார். வேலையை விட்டு நீக்கப்பட்டு, 2012 ஜனவரியில் புற்றுநோயில் இறந்தார். அந்த ஜூலையில் ஸ்டேடியத்துக்கு வெளியே நின்ற சிலையை எடுத்தார்கள். 111 வெற்றிகளைக் கணக்கிலிருந்து அடித்தார்கள்.

அவர் குடும்பம் 2013-ல் கல்லூரி விளையாட்டு அமைப்பின் மேல் வழக்குப் போட்டது. நாலு வருஷம் இழுத்து, 2017-ல் தாங்களே வாபஸ் வாங்கினார்கள். அடித்த வெற்றிகள் நடுவில், 2015 ஜனவரியில், திரும்ப வந்தன. குடும்பம் போட்ட வழக்கால் அல்ல. மாநிலத்தின் அரசியல் பிரதிநிதிகள் அபராதப் பணம் பற்றிப் போட்ட வேறொரு வழக்கில் ஏற்பட்ட சமரசத்தால். இதற்கிடையே பல்கலைக்கழகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடந்த இன்னொரு வழக்கின் ஆவணங்கள் 2016-ல் வெளியே வந்தன. 1976-லேயே ஒரு சிறுவன் பட்டெர்னோவிடம் சொன்னதாக ஒரு சாட்சியம் அதில் இருந்தது. குடும்பம் மறுத்தது, அது நிரூபிக்கப்படவும் இல்லை. ஆனாலும் அதுவரை 2001 என்று நின்ற கேள்வி 1976-க்குப் போய்விட்டது. கோர்ட் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் அதில் நமக்கு வேண்டிய தாளை மட்டும் எடுத்துக் காட்ட முடியாது. சிலை இன்னும் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை.

உங்கள் அப்பா அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தார் என்பது என் மனத்தை விட்டுப் போகவில்லை. ஏன் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இனி அதைக் கிழிக்க நினைக்காதீர்கள், யாரையும் கிழிக்க விடவும் வேண்டாம். சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றம். தகப்பன் செய்த தவறு மகன் மேல் குற்றமாக ஏறுவது அந்த நிமிஷத்தில்தான்.

ஆகவே நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். போக்சோ வழக்குகள் நடத்தும் ஒரு கிரிமினல் வக்கீலை நேரில் பாருங்கள். கடிதத்தை அவரிடம் காட்டி, போலீஸில் எப்படி ஒப்படைப்பது என்று அவர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் தேடிப் போய்க் கொடுத்ததற்கும், அவர்கள் பீரோவைத் திறந்து எடுத்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நீங்கள் அதை முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள் என்பதை அவரிடம் மட்டும் வாயால் சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்குள்ள சட்டப் பாதுகாப்பு, இப்படி ஒரு கேள்வி பதில் பகுதிக்கு எழுதும் கடிதத்துக்கு உண்டா என்பதே சந்தேகம்.

கழகத்தோடு சமரசமாகப் போங்கள். பெயரை மாற்றியதை எதிர்க்கப் போவதில்லை என்று குடும்பம் எழுதிக் கொடுக்கட்டும். தீர்மானத்தில் உங்கள் அப்பாவைக் குற்றவாளி என்று எழுதாமல், பெயர் மாற்றம் என்று மட்டும் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். நிர்வாகிகள் இதற்குச் சம்மதிப்பார்கள், அவர்களுக்கும் கோர்ட் வாசல் வேண்டாம். கோர்ட் மூலம் இதைவிட நல்லது உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பெண்ணிடம் மட்டும் சமரசம் பேசாதீர்கள். சித்தப்பாவையும் ஊர்ப் பெரியவர்களையும் அவர் வீட்டுக்கு அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் 2013-ல் நடந்ததும் அதுதானே? போக்சோ குற்றத்தில் ராஜி கிடையாது. பெரியவர்கள் படியேறுவதை அவர் வக்கீல் சாட்சியை மிரட்டியது என்று எழுதிக் கொடுப்பார், போலீஸும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, இது இன்றைக்கே நடக்க வேண்டும். 'உண்மை முகம்' என்று தலைப்புப் போட்டு, பழைய டீம் போட்டோவில் அவரை வட்டமிட்டு ஃபேஸ்புக்கில் பதிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முகத்தை மறைத்துப் பேசியவரின் முகத்தை நீங்கள் ஊருக்குக் காட்டியிருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோவின் 23-வது பிரிவிலும் பி.என்.எஸ். 72-வது பிரிவிலும் குற்றம். அவருக்கு இப்போது 27 வயது என்பது உங்களைக் காப்பாற்றாது. பதிவை ஒரு நகல் எடுத்து வக்கீலுக்காக வைத்துக்கொண்டு, தூங்கப் போகும் முன் நீக்கிவிடுங்கள். பகிர்ந்த உறவினர்களுக்கும் போன் போட்டு நீக்கச் சொல்லுங்கள்.