மார்ச் மாதத்து தேசியப் போட்டியில் திரும்பத் திரும்பத் தோற்கும் அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து பயிற்சியாளரை ரசிகர்கள் எத்தனை ஆண்டுகள் ஆதரிக்கலாம்?

ஆண்டுக் கணக்கு வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் என் எண்ணம். நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். தோற்ற பிறகு வரும் கோடையில் அந்த கோச் எதை மாற்றுகிறார்? அவரிடம் ஆடும் பையன்கள் அவரோடு இருக்கிறார்களா, கிளம்பிவிடுகிறார்களா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும்வரை நான் கோச் பக்கம்தான். இப்படி யோசிக்க எனக்குப் பத்து வருடம் ஆனது. கற்றுக்கொடுத்தது பர்டூ பல்கலைக்கழக அணியும் அதன் பயிற்சியாளர் மேட் பெயிண்டரும்.

நான் 2012-இல் இண்டியானா மாநிலத்தின் வெஸ்ட் லஃபாயெட்டுக்கு எம்.எஸ். படிக்கப் போனேன். நம் ஊரில் பள்ளி அணியில் ஆடிய பழக்கத்தில், போன முதல் மாதமே மாணவர் டிக்கெட் வாங்கிவிட்டேன். மெக்கி அரங்கில் 14,000 பேருக்கு மேல் உட்காரலாம். இண்டியானாவில் கூடைப்பந்து என்பது நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வளையம் தொங்கும். அப்படிப்பட்ட ஊரில் நான் இருந்த இரண்டு சீசனும் அணி கவிழ்ந்து கிடந்தது. 2012-13-இல் 16 வெற்றி, 18 தோல்வி. அடுத்த சீசனில் 15 வெற்றி, 17 தோல்வி. பர்டூ ஆடும் பிக் டென் லீகில் கடைசி இடம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு உள்ளூர் நண்பன் இருந்தான். அவனுடைய அப்பா பல வருடங்களாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவர். சில ஆட்டங்களுக்கு மூவருமாகப் போவோம். மகன் பெயிண்டரை அனுப்பிவிட வேண்டும் என்பான். அப்பா கூடாது என்பார். நான் மகன் கட்சி. 2014 மார்ச்சில் யாராவது ஒரு மனுவை நீட்டியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்தப் பெரியவரின் வாதம் எனக்கு அன்று பலவீனமாகத்தான் பட்டது. "இவன் நம்ம பையன்" என்பதிலிருந்து ஆரம்பிப்பார். பெயிண்டர் பர்டூவிலேயே ஆடியவர். அவருக்குப் பயிற்சி கொடுத்த ஜீன் கீடி 1980 முதல் 2005 வரை 25 சீசன் அணியை நடத்தி, பர்டூவுக்காக 512 ஆட்டங்களை வென்றவர். கீடி இருக்கும்போதே வாரிசாக அழைத்து வரப்பட்டவர் பெயிண்டர். 2005-இல் பொறுப்பேற்ற முதல் சீசனில் 9 வெற்றி, 19 தோல்வி. இரண்டு வருடம் கழித்து ராபி ஹம்மெல், ஈட்வான் மூர், ஜஜுவான் ஜான்சன் என்ற மூன்று உள்ளூர்ப் பையன்கள் சேர்ந்தார்கள், அணி எழுந்தது. 2010 பிப்ரவரியில், சாம்பியன் ஆகும் கனவோடு இருந்தபோது, ஹம்மெலின் முழங்கால் தசைநார் கிழிந்தது. தேறி வந்தவனுக்கு அதே ஆண்டு அக்டோபரில் முதல் பயிற்சியிலேயே மறுபடியும் அதே கால். 2011-இல் மிசௌரி பல்கலைக்கழகம் அழைத்தது, பெயிண்டர் போகவில்லை. "அவன் நம்மை விட்டுப் போகவில்லை, நாம் ஏன் அவனை விடணும்?" என்பது பெரியவரின் கேள்வி.

நன்றி உணர்ச்சி நல்லதுதான். ஆனால் ஒரு கோச்சை வைத்துக்கொள்ள அது போதாது. அதை இன்றும் சொல்வேன். என் மனதை மாற்றியது அதற்குப் பிறகு நடந்தது.

அந்த மோசமான இரண்டு வருடங்களுக்குக் காரணம் ஆள் தேர்வு. திறமையை மட்டும் பார்த்து எடுத்தார், தன் அணிக்குப் பொருந்துவார்களா என்று பார்க்கவில்லை. இதைப் பெயிண்டரே பிறகு வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். 2014-15 சீசனும் நன்றாகத் தொடங்கவில்லை. டிசம்பரில், சொந்த மைதானத்தில், நார்த் ஃப்ளோரிடாவிடமும் கார்ட்னர்-வெப்பிடமும் தோற்றார்கள். இரண்டும் பர்டூ எளிதாக வெல்ல வேண்டிய அணிகள். நான் அப்போது படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டேன். நண்பன் தினமும் புலம்பி அனுப்புவான். பிறகு பிக் டென் ஆட்டங்களில் 12 வெற்றி, 6 தோல்வி என்று முடித்தார்கள். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த ஜான் ஆக்டியஸ் பந்தைப் பிடித்துத் தாங்கினான், ஏ.ஜே. ஹாமன்ஸ் உள்ளே நின்று தடுத்தான். கோச் அதே ஆள்தான், ஆனால் எடுக்கிற பையன்களின் குணம் மாறியிருந்தது. வெளியே தெரியாமல் உள்ளே நடந்த வேலை அது.

இங்கே மார்ச் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரிகளின் தேசியப் போட்டியான என்சிஏஏ போட்டியில் 68 அணிகள். அவற்றுக்கு 1 முதல் 16 வரை தரநிலை கொடுப்பார்கள்; 1 வலுவான அணி, 16 பலவீனமான அணி. ஒரு ஆட்டம் தோற்றால் வீடு. கோப்பைக்குப் பெரும்பாலான அணிகள் ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்ல வேண்டும். தொழில்முறை லீகான என்பிஏவில் ஒரு சுற்றுக்கு ஏழு ஆட்டம் வரை வைப்பதால் நல்ல அணி பெரும்பாலும் தேறிவிடும். இங்கே 19 வயதுப் பையன்களின் ஒரே ஒரு மோசமான இரவு நான்கு மாத உழைப்பை முடித்துவிடும். ரசிகன் மனதில் அந்த இரவுதான் தங்கும்.

பெயிண்டருக்கு அப்படி இரவுகள் வரிசையாக வந்தன. 2016-இல் லிட்டில் ராக்கிடம் தோல்வி. 2021-இல் நார்த் டெக்சாஸ். 2022-இல் 15-ஆம் தரநிலையில் இருந்த செயின்ட் பீட்டர்ஸிடம் 67-64. இதற்கு நடுவே 2019-இல், கடைசி நான்குக்குள் நுழைய ஒரே ஆட்டம் பாக்கி; வர்ஜீனியாவுக்கு எதிராக கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளி எடுத்தான். இரண்டு புள்ளி முன்னிலை. சில வினாடிகள்தான் மீதி. தவறவிட்ட ஃப்ரீ த்ரோ தட்டப்பட்டு எதிர்ப்பக்கம் ஓட, அதைத் துரத்திப் பிடித்த வர்ஜீனியா பையன் நீளமாக ஒரு பாஸ் போட, மமாடி டியாகிட்டே வீசிய பந்து மணி அடிக்கும்போது வளையத்துக்குள் விழுந்தது. கூடுதல் நேரத்தில் 80-75. அந்த ஆட்டத்தை முழுசாக மறுபடி பார்க்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

அப்புறம் 2023 மார்ச் 17. பர்டூ முதல் தரநிலை அணி. லீகையும் லீக் கோப்பையையும் வென்றுவிட்டு வந்திருந்தார்கள். நாட்டின் சிறந்த வீரன் ஸாக் ஈடி, உயரம் 7 அடி 4 அங்குலம், எங்கள் அணியில். எதிரே 16-ஆம் தரநிலை ஃபேர்லே டிக்கின்சன். என்சிஏஏவின் முதல் பிரிவில் இருக்கும் அத்தனை கல்லூரிகளிலும் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி. தங்கள் லீகின் இறுதிப் போட்டியில்கூட அவர்கள் வெல்லவில்லை. வென்ற மெர்ரிமேக்குக்கு அந்த வருடம் தகுதி இல்லாததால் உள்ளே வந்தவர்கள். அவர்களிடம் 63-58 தோல்வி. 16-ஆம் தரநிலை அணியிடம் முதல் தரநிலை அணி தோற்றது, ஆண்கள் போட்டி வரலாற்றில் அது இரண்டாவது முறை. அன்றிரவு நான் டிவியை அணைக்கவே இல்லை. விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நண்பனிடமிருந்து ஒரு வரி வந்தது: "இப்பவாவது ஒத்துக்கோ." நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று அன்றைக்குச் சரியாகச் சொல்லவும் தெரியவில்லை. 2014 டிசம்பருக்குப் பிறகு நடந்தது மட்டும் நினைவில் இருந்தது.

இப்போது சொல்ல முடிகிறது. அந்த ஆட்டத்தில் பர்டூ 26 முறை மூன்று புள்ளி வீச்சு வீசி ஐந்துதான் போட்டது. 16 முறை பந்தைப் பறிகொடுத்தது. பிரேடன் ஸ்மித், ஃப்ளெட்சர் லாயர் என்ற இரண்டு முதலாமாண்டுப் பையன்களை எதிரணியின் வேகமான, குட்டையான கார்டுகள் (பந்தைக் கொண்டுசெல்லும் வீரர்கள்) நெரித்துவிட்டார்கள். குறை எங்கே என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. பெயிண்டர் செய்ததும் நேரான வேலை. பந்தைக் கையாளவும் வேகமாக ஓடவும் தெரிந்த லான்ஸ் ஜோன்ஸை சதர்ன் இல்லினாயிலிருந்து கொண்டுவந்தார். வீச்சும் தேறியது: முந்தைய சீசனில் சுமார் 32 சதவீதமாக இருந்த மூன்று புள்ளி வெற்றி, அடுத்த சீசனில் 40 சதவீதத்தைத் தொட்டது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. 2021-க்குப் பிறகு கல்லூரி விளையாட்டே மாறிவிட்டது. வீரர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டிய கட்டாயமில்லாமல் வேறு கல்லூரிக்கு மாறலாம். ஊரே கேலி செய்த ஒரு தோல்விக்குப் பிறகு அந்தப் பையன்கள் கிளம்பியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஸ்மித் இருந்தான். லாயர் இருந்தான். முதல் வருடம் முழுக்க ஆடாமல் காத்திருந்த ட்ரே காஃப்மன்-ரென் இருந்தான். ஈடி என்பிஏ தேர்வில் கொடுத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தான். பள்ளி முடித்தபோது தரவரிசையில் 400-க்கும் கீழே இருந்த கனடாப் பையன் அவன். அவனை எடுத்து வளர்த்த இடம் இது. ஒரு கோச்சைப் பற்றி அவருடைய வீரர்கள் கொடுக்கும் சாட்சிக்கு மேல் எந்த ரசிகனின் கருத்தும் இல்லை.

2024-இல் பர்டூ டென்னசியை 72-66 என்று வீழ்த்திக் கடைசி நான்குக்குள் போனது. ஈடி 40 புள்ளி, 16 ரீபவுண்ட். இறுதிப் போட்டியில் கனெடிகட்டிடம் 75-60 தோல்வி, கோப்பை வரவில்லை. சிலர் அதையே பிடித்துக்கொண்டு "பார்த்தாயா, கடைசியில் தோல்விதான்" என்கிறார்கள். கனெடிகட் இரண்டாவது ஆண்டாகத் தொடர்ந்து கோப்பை வென்ற அணி. அவர்களிடம் தோற்றதை ஃபேர்லே டிக்கின்சனிடம் தோற்றதோடு சேர்த்து எண்ணுவது நியாயமில்லை.

சரி, எல்லா கோச்சுக்கும் இதே பொறுமை வேண்டுமா? வேண்டாம். இந்த வாதத்தில் எல்லாரும் எடுத்து நீட்டும் உதாரணம் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷெஷெவ்ஸ்கி. முதல் மூன்று சீசனில் 38 வெற்றி, 47 தோல்வி. விலக்கச் சொல்லி நெருக்கடி இருந்தும் விளையாட்டுத் துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் ஒப்பந்தத்தை நீட்டித்தார். பிறகு ஐந்து கோப்பைகள். உண்மைதான். ஆனால் காலம் கொடுத்தும் ஒன்றும் செய்யாமல் போனவர்களின் பெயரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால் அந்த ஒரு கதையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மறுபக்கம் கென்டகி பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2012-இல் கோப்பை வென்ற ஜான் கலிபாரிக்கு 2019-இல் ஆயுள் ஒப்பந்தம் என்றே பேசப்பட்ட நீண்ட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு 2024 வரை என்சிஏஏ போட்டியில் ஒரே ஒரு வெற்றி. 2021-இல் 9 வெற்றி, 16 தோல்வி. 2022-இல் பர்டூவை வீழ்த்திய அதே செயின்ட் பீட்டர்ஸிடம், எங்களுக்கு முன்னாலேயே கென்டகியும் தோற்றது. 2024-இல் ஓக்லண்ட் என்ற சிறிய கல்லூரியிடம் தோல்வி. ஜாக் கோல்கி என்பவன் மட்டும் பத்து முறை மூன்று புள்ளி போட்டான். ஒவ்வொரு வருடமும் புதிய முதலாமாண்டு நட்சத்திரங்கள், அதே முறை, அதே முடிவு. விலக்குவதென்றால் சுமார் 3.3 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்ததால் பல்கலைக்கழகத்தின் கை கட்டப்பட்டிருந்தது. கடைசியில் அவரே ஆர்கன்சாவுக்குப் போனார். கென்டகி ரசிகர்களின் கோபத்தை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன். ஆதரவு நீண்டதாக இருக்கலாம்; ஒப்பந்தம் அப்படிப் பூட்டப்பட்டதாக இருக்கக் கூடாது.

ஆக, உங்கள் அணியின் கோச் இந்த மார்ச்சில் தோற்றிருந்தால், ஏப்ரலில் முடிவு செய்யாதீர்கள். எந்தப் பையன்கள் கிளம்புகிறார்கள் என்று மே மாதம் பாருங்கள். தோற்ற ஆட்டத்தில் எது ஓட்டையோ அது அடுத்த நவம்பரில் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நவம்பர் அதே ஓட்டை இருந்தால் நானே உங்களோடு சேர்ந்து குரல் கொடுப்பேன்.

டென்னசி ஆட்டம் முடிந்த அன்று நண்பன் போன் செய்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவிடம் போனைக் கொடுத்தான். 1980-க்குப் பிறகு, 44 வருடம் கழித்து பர்டூ கடைசி நான்கில். அவர் கத்துவார், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கீடிக்கு இது ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லையே."