ஏழாவது நைட்டில் கூடிப்போன ஒரு பூஜ்ஜியம்

கேள்வி: தனியார் மருத்துவமனை ஐசியூவில் 6 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தொடர்ந்து ஏழாவது நைட் டூட்டி. விடிகாலை 4 மணிக்கு சிரிஞ்ச் பம்பில் (மருந்தை அளவாக உடலில் ஏற்றும் கருவி) 5 என்பதற்குப் பதில் 50 என்று அழுத்திவிட்டேன். ஸ்டார்ட் அழுத்துவதற்குள் பக்கத்து பெட் சிஸ்டர் பார்த்துத் தடுத்துவிட்டார். அன்றிலிருந்து பம்பைத் தொட்டாலே கை நடுங்குகிறது. அட்டெண்டர்களிடம் எரிந்து விழுகிறேன். எனக்கு இந்த வேலைக்குத் தகுதி இல்லையோ?

பதில்: சிஸ்டர், 4 மணி, ஏழாவது நைட் என்று நீங்களே பாதி விடையை எழுதிவிட்டீர்கள். 3 முதல் 5 வரை உடல் தூங்கச் சொல்லி அடம்பிடிக்கும் நேரம். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனம் போல மங்கும் என்று 1997இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நம் ஊரில் வண்டி ஓட்டவே 0.03 தான் வரம்பு! பகலில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து வருபவரின் நிலை என்ன?

நாரட்ரினலின், பொட்டாசியம், இன்சுலின், ஹெப்பாரின் என அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளை மட்டுமாவது இன்னொருவர் சரிபார்க்கட்டும். ஆனால் "5 தானே போட்டிருக்கேன்?" என்று கேட்காதீர்கள், "ஆமா" என்றுதான் பதில் வரும். "ஆர்டரைப் பார், பம்பைப் பார், எவ்வளவுன்னு சொல்" என்று கேளுங்கள். முறை வைத்து 20 நிமிடம் தூங்க இன்சார்ஜிடம் பேசுங்கள். எழுந்ததும் கால் மணி நேரம் பம்பைத் தொட வேண்டாம்.

நடந்ததை எழுதிக் கொடுங்கள். மெமோ வருமோ என்ற பயம் நியாயமானதுதான். அதனால் எத்தனையாவது நைட், எத்தனை நோயாளிகள், மணி என்ன என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அவை இல்லாவிட்டால் பழி மொத்தமும் உங்கள் விரல்மேல் விழும்.

எரிச்சலை உங்கள் குணம் என்று நினைக்காதீர்கள். களைப்பு, வேலைமீது வெறுப்பு, நம்மால் முடியவில்லை என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்ததை பர்ன்அவுட் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை நோய் என்று சொல்லாமல், வேலையிடத்தோடு ஒட்டிய நிலை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இருந்தாலும் கை நடுக்கத்துக்கு தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆஃப் நாளிலும் தூக்கம் வராவிட்டால், சாகலாம் என்று தோன்றினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416இல் இரவிலும் எடுக்கும்.

அப்புறம், ராஜினாமா. நைட் முடிந்து வந்த காலையில் அதை எழுதாதீர்கள். முதலில் ஏழு நைட்டை மூன்றும் நான்குமாகப் பிரித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.