காட்டைப் பற்றி யாரைக் கேட்பது?

கேள்வி: மகன் ரொறன்ரோவில். 2023 யூனில் காட்டுத்தீப் புகையால் யன்னலைத் திறக்கவே முடியவில்லை என்றான். இப்போது அங்கே காடுகளைப் பராமரிப்பதில் பூர்வகுடிகளையும் சேர்க்க வேண்டும் என்கிறார்களாம். வனவியல் படித்தவர்கள் இருக்க, இவர்கள் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?
- ஓர் அம்மா, வெள்ளவத்தை

பதில்: நெருப்பு வைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள் அம்மா, பகிடி இல்லை. கனடாவின் வட அல்பேர்ட்டாவில் முன்பு பனி கரையத் தொடங்கும்போதே அவர்கள் புல்வெளிகளைக் கொளுத்திவிடுவார்கள். மரங்களுக்கடியில் இன்னும் பனி கிடப்பதால் தீ காட்டோரம் வந்ததும் தானாக அணைந்துவிடும், கோடையில் பெருந்தீ வந்தால் எரிய அங்கே காய்ந்த புல்லும் இராது. இதை அரசாங்கங்கள் குற்றமாகப் பார்த்தன. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1874இலேயே தடைச் சட்டம் போட்டுவிட்டது. 2023இல் கனடாவில் எரிந்தது ஒன்றரைக் கோடி ஹெக்டேயருக்கும் மேல், நம் இலங்கையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டும். தடைதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன், வெப்பமும் வறட்சியும் இருந்தன.

ஆனால் அறிவை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு முடிவைத் தாங்களே எடுப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். கியூபெக்கில் கிறீ என்ற பூர்வகுடி மக்கள் 2002இல் அரசோடு செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். மரம் வெட்டும் திட்டத்தைக் கொம்பனிக்கு வசதியான கோடுகளை வைத்துப் போடாமல், ஒவ்வொரு குடும்பமும் வேட்டையாடிப் பொறி வைக்கும் நிலத்தை அலகாக வைத்துப் போட வேண்டும் என்று அதில் எழுதிக்கொண்டார்கள். அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு மூஸ் மான் எங்கே குளிர்காலம் கழிக்கும் என்று தெரியும், அவரைக் கேட்டுத்தான் காட்டில் 25 வீதம் விலங்குகளின் வாழிடமாகக் குறிக்கப்படுகிறது. சண்டையே இல்லாமல் நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், ஆனாலும் பேச்சு அவருடைய வரைபடத்திலிருந்து தொடங்குகிறதே, அது சின்ன விஷயமா?

கேள்வி: நோர்வே, சுவீடன் பக்கம் சாமி மக்கள் கலைமான் மேய்ப்பவர்கள்தானே. அவர்கள் ஏன் மரம் வெட்டுவதற்குக் குறுக்கே நிற்கிறார்கள்?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: மானின் தீனி மரத்தில் தொங்குவதால்தான். பனிக்காலத்தில் மான் பனியைத் தோண்டி, நிலத்தில் பாசிபோலப் படர்ந்திருக்கும் லைக்கனைத் தின்னும். இடையில் மழை பெய்து உறைந்தால் நிலம் கண்ணாடிபோல இறுகிவிடும், குளம்பு இறங்காது. அப்போது உயிரைக் காப்பது பழைய மரங்களில் தாடிபோலத் தொங்கும் லைக்கன். அந்த மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நட்டால், காடு திரும்ப வந்துவிட்டது என்று கணக்கு எழுதலாம், லைக்கன் வரப் பல பத்தாண்டுகள் போகும். பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய 169ஆம் இலக்க சர்வதேசத் தொழில் அமைப்பு உடன்படிக்கையை நோர்வே 1990இலேயே ஏற்றது. பெரிய மரத்தொழில் உள்ள சுவீடனும் பின்லாந்தும் இன்னும் ஏற்கவில்லை. ஏன் என்று நீங்களே யோசியுங்கள்.

கேள்வி: நம் வேடுவர்களை யாராவது கேட்டார்களா?
- அதே வாசகர், கடிதத்தின் ஓரத்தில்

பதில்: 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானதும், தலைமுறையாகத் தேன் எடுத்த காட்டிலேயே அவர்கள் அத்துமீறியவர்கள் ஆகிவிட்டார்கள். பலரை மகாவலிக் குடியேற்றங்களுக்கு மாற்றினார்கள். தலைவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் மட்டும் தம்பானையை விட்டு அசையவில்லை.