இன்ஜின் பெரிசு, பில் எங்கே?

கேள்வி: என் ஸ்ப்ளெண்டரில் பல்சர் 180 இன்ஜின் வைக்க மெக்கானிக் 30,000 ரூபாய் கேட்கிறார். "வண்டி பறக்கும்" என்கிறார். செய்யலாமா? *(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)*

பதில்: பறக்கும், சரி. நிற்குமா? ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜின் தருவது சுமார் 8 குதிரைசக்தி. அதற்கேற்றபடிதான் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக்கும் ஒல்லி டயரும் போட்டிருக்கிறார்கள். 180 இன்ஜின் அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். அது உட்கார ஃபிரேமை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். செயின் வரிசை கொஞ்சம் தப்பினாலும் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) தேயும். வயரிங் தனிச் செலவு. இதையெல்லாம் உங்கள் மெக்கானிக் அந்த 30,000-க்குள் சேர்த்தாரா என்று கேளுங்கள், சேர்த்திருக்க மாட்டார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேகம்தான் வேண்டுமென்றால் ஸ்ப்ளெண்டரை விற்றுவிட்டு, அந்த 30,000-ஐயும் சேர்த்து நல்ல பழைய பல்சர் ஒன்றைத் தேடுங்கள்.

கேள்வி: 'ஒரிஜினல் யமஹா ஆர்எக்ஸ் 100' என்று சொல்லி 1,15,000 ரூபாய்க்கு விற்றார்கள். இன்ஜின் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது. ஆனால் ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், உள்ளே இருப்பது ஆர்எக்ஸ் 135-இன் பிளாக் (சிலிண்டர்) என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா? *(வாசகர், ஈரோடு)*

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் தப்பே இல்லை. நம்பரைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அந்த நம்பர் இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் இருக்கும். பிளாக்கை மட்டும் மாற்றினால் நம்பர் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒன்றுதான், 50 மில்லிமீட்டர். போர்தான் (சிலிண்டரின் உள்விட்டம்) வேறு: 100-க்கு 50, 135-க்கு 58. அதனால்தான் இந்தத் தில்லுமுல்லு சுலபமாக நடக்கிறது. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு லட்சத்துக்கு மேல் விலை வைத்தால் இதெல்லாம் வரத்தானே செய்யும்!

போரை அளந்து, மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். 'ஒரிஜினல்' என்று விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் முதலில் நோட்டீஸ், பிறகு 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஈரோட்டிலேயே தொடுக்கலாம். விற்றவர் தனி ஆள் என்றால் ஆணையம் எடுக்காது. போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: என் 350 சிசி புல்லட்டின் இன்ஜின் போய்விட்டது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் இன்ஜின் கிடைக்கிறது, பில் மட்டும் தர மாட்டார்களாம். விலை பாதிதான். *(வாசகர், செங்கல்பட்டு)*

பதில்: அதே கம்பெனி, அதே மாடல் இன்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் கடிதமும் வேண்டும். அதில் தடையில்லை. பில் இல்லை என்கிறீர்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

"பில் எதுக்கு சார், ஜி.எஸ்.டி. மிச்சம்" என்று கேட்டதும் நம் ஆட்களுக்கு எதையோ ஜெயித்த சந்தோஷம். இன்ஜினில் நம்பர் இருக்கிறது. அது ஓட்ட லாயக்கில்லை என்று கழித்த வண்டியிலிருந்து வந்ததா, எவர் வீட்டு வாசலிலோ பூட்டை உடைத்து எடுத்ததா என்று எப்படித் தெரியும்? திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. பாதி விலை, பில் கிடையாது என்றால் சந்தேகப்படக் காரணம் இல்லையா என்றுதான் போலீஸ்காரர் கேட்பார். நேர்மையான கடைக்காரர் எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று எழுதித் தருவார், அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் தருவார். அவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள். பில் இல்லாமல் நான் வாங்கிய இன்வெர்ட்டர் பேட்டரி மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. கேரண்டி கேட்கப் போனபோது, விற்ற கடையில் என் முகமே ஞாபகம் இல்லை என்றுவிட்டார்கள்.

கேள்வி: பழைய கேடிஎம் டியூக் 200 பைக் வாங்கினேன். உள்ளே 390 இன்ஜின் என்று சொல்லித்தான் விற்றார். ஆர்.சி.யை இன்னும் பார்க்கவில்லை, பணம் முழுவதும் அனுப்பிவிட்டேன். இப்போது போன் எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது? *(வாசகர், கோவை)*

பதில்: ஆர்.சி. பார்க்காமல் முழுப் பணத்தையும் அனுப்பிய பிறகு என்னிடம் என்ன கேட்கிறீர்கள்? இன்ஜின் மாற்றியது தெரிந்தே வாங்கியிருக்கிறீர்கள், அதனால் 'ஏமாற்றிவிட்டார்' என்ற வாதம் பாதி போச்சு. பணம் அனுப்பிய ரசீதோடு காவல் நிலையம் போங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, "இன்ஜின் வேறு" என்று கிளெய்மை மறுத்துவிட்டார். எனக்கு அது தெரியவே தெரியாது. *(வாசகி, மதுரை)*

பதில்: பாவம்தான். தெரியாது என்பதற்கு ஆதாரம் திரட்டுங்கள்: விற்றவர் எழுதிய கடிதம், விளம்பரம், சர்வீஸ் ரசீது. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் கம்பெனியின் வாதத்திலும் வலு உண்டு. இன்ஜின் மாறினால் கட்டிய பிரீமியமும் பொருந்தாமல் போகலாம், ஏனென்றால் தேர்டு பார்ட்டி (எதிராளியின் நஷ்டத்துக்கான) பிரீமியமே சிசியைப் பொறுத்தது: 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 75-க்கு மேல் 150 சிசி வரை 714 ரூபாய், அதைத் தாண்டி 350 சிசி வரை 1,366. ஆம்பட்ஸ்மேனும் கைவிட்டால் விற்றவர் மேல் போங்கள். நஷ்டத்தைத் தர வேண்டியவர் அவர்தான்.

கேள்வி: ஆர்.சி.யில் சிசியை மாற்றித் தர ஏஜென்ட் 8,000 கேட்கிறார். பாதியை முன்பணமாகத் தரலாமா? *(வாசகர், சேலம்)*

பதில்: பாதியும் தராதீர்கள்.